மொட்டைமாடியில் ஆண்டெனா: மின்காந்தப் புலத்தை முறையாக அளந்து அறிக்கை தருவதற்கான முழு வழிகாட்டி

கோலாலம்பூரில் டவர் வைக்க நிலம் கிடைப்பது அரிது. அதனால் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் என எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிகளின் உச்சியில்தான் ஆண்டெனாக்கள் நிற்கின்றன. குடியிருப்பாளர் புகார் கொடுக்கிறார், ஜேஎம்பி (அடுக்குமாடியின் கூட்டு நிர்வாகக் குழு) ஓர் அளவீட்டுக்கு ஆள் தேடுகிறது, புதிதாக இந்த வேலைக்கு வந்தவர் கருவியைத் தூக்கிக்கொண்டு நேராக லிஃப்டில் ஏறுகிறார். பெரும்பாலான பிழைகள் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன. மொத்த வேலையில் பாதி, கருவியை வெளியே எடுப்பதற்கு முன் மேசையில் முடிய வேண்டியது.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் இறங்கும் பொறியாளர்கள், தொழில்நுட்பர்கள், பாதுகாப்பு அதிகாரிகளுக்காக இது எழுதப்பட்டது. டெசிபலும் அடிப்படை மின்னியலும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

1. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

ஒரே மொட்டைமாடியில் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. இன்றைக்கு, இந்த நேரத்தில், இந்த வீட்டில் புலம் எவ்வளவு? நிலையம் முழுத் திறனில் ஓடினால் எவ்வளவு ஆகும்? தண்ணீர்த் தொட்டி கழுவ மேலே போகும் ஊழியர் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

முதல் கேள்விக்கு நேரடி அளவீடு போதும். இரண்டாவதற்கு அளந்ததை உச்சத்துக்குப் பெருக்க வேண்டும். மூன்றாவதில் வரம்பே வேறு: அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பியின் வழிகாட்டியில் தொழில்சார் வரம்பு, திறன் அடர்த்தியில் பொதுமக்கள் வரம்பைவிட 5 மடங்கு அதிகம். ஆனால் அந்த வரம்பு, ஆபத்தை அறிந்து பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே பொருந்தும். தொட்டி கழுவ வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படிப் பயிற்சி கிடையாது. அவருக்குப் பொதுமக்கள் வரம்புதான்.

எந்தக் கேள்வி என்பதை எழுதி ஜேஎம்பியிடம் ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் அறிக்கை கொடுத்த பிறகு, "நாங்கள் கேட்டது இது இல்லையே" என்பார்கள்.

2. மூலங்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள்

என்ன ஒலிபரப்பாகிறது என்று தெரியாமல் எடுத்த எண்ணை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது, ஏனென்றால் வரம்பு அலைவரிசைக்கு ஏற்ப மாறுகிறது. நிர்வாக அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தங்கள் இருக்கும். எத்தனை நிறுவனங்கள் இடம் எடுத்திருக்கின்றன என்பது அதில் தெரியும். பிறகு ஒவ்வொரு நிறுவனத்திடமும் இவற்றைக் கேளுங்கள்:

- அலைவரிசையும் தொழில்நுட்பமும்
- ஆண்டெனா மாடல், நீளம், ஈட்டம் (ஒரு திசையில் திறனைக் குவிக்கும் அளவு)
- ஒவ்வொரு செக்டரும் (ஆண்டெனா பார்க்கும் பிரிவு) நோக்கும் திசைக்கோணம்
- இயந்திரச் சாய்வு, மின்சாய்வு இரண்டும்
- ஆண்டெனா நடுப்புள்ளியின் உயரம்
- ஆண்டெனாவுக்குள் போகும் திறன், வாட்டில்

சாய்வைக் கேட்கும்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் தருவார்கள். ஆண்டெனா செங்குத்தாக நிற்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே 6 டிகிரி மின்சாய்வு இருக்கலாம். கண்ணால் பார்த்து "சாய்வு இல்லை" என்று எழுதாதீர்கள்.

மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. எனவே 2100 மெகாஹெர்ட்ஸில் இன்று சிக்னல் தெரிந்தால் அது 3ஜி அல்ல, பெரும்பாலும் 4ஜி. 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸும் 3.5 கிகாஹெர்ட்ஸும் முக்கியம். பழைய அளவீட்டுப் படிவங்களில் இன்னும் 3ஜி வரிசை இருக்கிறது, 3.5 கிகாஹெர்ட்ஸ் வரிசை இல்லை. படிவத்தை முதலில் திருத்துங்கள்.

ஐசிஎன்ஐஆர்பியின் 2020 வழிகாட்டியில், முழு உடலுக்கான பொதுமக்கள் வரம்புகள் இவை:

- 700 மெகாஹெர்ட்ஸ்: 3.5 வாட்/சதுர மீட்டர், 36.4 வோல்ட்/மீட்டர்
- 900 மெகாஹெர்ட்ஸ்: 4.5 வாட்/சதுர மீட்டர், 41.3 வோல்ட்/மீட்டர்
- 1800 மெகாஹெர்ட்ஸ்: 9 வாட்/சதுர மீட்டர், 58.3 வோல்ட்/மீட்டர்
- 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்: 10 வாட்/சதுர மீட்டர்

400 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கு எளிய வாய்பாடு உண்டு: அலைவரிசையை மெகாஹெர்ட்ஸில் எடுத்து 200-ஆல் வகுத்தால் வாட்/சதுர மீட்டர் வந்துவிடும். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே பலரும் எழுதும் 61 வோல்ட்/மீட்டர் 1998 வழிகாட்டியில் இருந்தது. 2020 வழிகாட்டி அங்கே முழு உடலுக்குத் திறன் அடர்த்தியை மட்டும் தருகிறது. கணக்குக்கு 61 உதவும். ஆனால் அறிக்கையில் இரண்டு ஆண்டுகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

மலேசியாவில் அலைபரப்பு வரம்பு தொடர்புத்துறை ஆணையமான எம்சிஎம்சியின் கட்டாயத் தரநிலைக்குள் வருகிறது, அதன் அடிப்படை ஐசிஎன்ஐஆர்பி. கட்டமைப்பை நிறுவுவதற்கான அனுமதி உள்ளாட்சியிடம்: கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி. அனுமதியில்லாத கட்டமைப்பு என்ற புகாருக்கும் புலம் அதிகம் என்ற புகாருக்கும் போக வேண்டிய வாசல் வேறுவேறு.

3. மேலே ஏறும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் அதிகம் தாண்டிப் போகும் படி இதுதான். கணக்கு இல்லாமல் போனால் கருவி காட்டுவது சரியா என்று தெரியாது. 3 என்று வர வேண்டிய இடத்தில் 30 வந்தாலும் எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

ஓர் உதாரணம். 1800 மெகாஹெர்ட்ஸ், ஆண்டெனாவுக்குள் 40 வாட், ஈட்டம் 17 டெசிபல், அதாவது 50 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 2000 வாட். இதை 4 பை மற்றும் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முதன்மைக் கற்றையின் திறன் அடர்த்தி கிடைக்கும். 80 மீட்டரில் 0.025 வாட்/சதுர மீட்டர். 377-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3 வோல்ட்/மீட்டர். வரம்பான 9 வாட்டோடு ஒப்பிட்டால் 0.3 விழுக்காடுகூட இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 9 வாட்/சதுர மீட்டரை எட்டும் தூரம் 4.2 மீட்டர். தரையும் சுவரும் பிரதிபலித்துப் புலம் இரட்டிப்பாகலாம் என்று மிக மோசமான நிலையை எடுத்தால் 8.4 மீட்டர். ஒரே கம்பத்தில் மூன்று அலைவரிசை இருந்தால் இந்தத் தூரம் இன்னும் நீளும். ஆட்கள் தாண்டக் கூடாத விலக்கு எல்லையை எங்கே தேட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. 2 மீட்டர் நீள ஆண்டெனாவுக்கு 1800 மெகாஹெர்ட்ஸில் தொலைப்புலம், அதாவது கோள வாய்பாடு சரியாகப் பொருந்தும் பகுதி, 48 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது. 4 மீட்டரில் மேலே சொன்ன கோள வாய்பாடு புலத்தை மிகைப்படுத்தும். 65 டிகிரி அகலக் கற்றை என்று வைத்து உருளை வாய்பாட்டில் போட்டால், அதே 4.2 மீட்டரில் 9-க்குப் பதில் சுமார் 4 வாட்/சதுர மீட்டர்தான் வருகிறது. மிகைப்படுத்துவது பாதுகாப்பான பக்கம்தான். ஆனாலும் அளவீடு கணக்கில் பாதியாக வந்தால் கருவி பழுது என்று பதற வேண்டாம்.

அடுத்து கற்றை எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். ஆண்டெனா 60 மீட்டர் உயரத்தில், மொத்தச் சாய்வு 6 டிகிரி, எதிர்க் கட்டடம் 80 மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் கற்றை 8.4 மீட்டர் இறங்கியிருக்கும். எதிர்க் கட்டடத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய 52 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜன்னல்தான் நீங்கள் போக வேண்டிய இடம். புகார் கொடுத்தவர் பெரும்பாலும் ஆண்டெனாவுக்கு நேர் கீழே உச்சி மாடியில் குடியிருப்பவர். அவர் வீடு கற்றைக்கு வெளியே இருக்கிறது, நடுவில் கான்கிரீட் தளமும் இருக்கிறது. அவர் வீட்டையும் அளக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே மட்டும் அளந்துவிட்டு வந்தால் வேலை நடந்ததாக ஆகாது.

52 மீட்டரை மாடி எண்ணாக மாற்றும்போது இங்கே ஒரு வழுக்கல் உண்டு. லிஃப்டில் 12 என்று எழுதியிருந்தாலும் கீழே ஐந்து கார் பார்க் தளங்கள் தனி எழுத்தில் இருக்கும். சில கட்டடங்களில் 4-க்குப் பதில் 3ஏ, 14-க்குப் பதில் 13ஏ. வேறு சிலவற்றில் அந்த எண்ணே கிடையாது. லேசர் தூரமானியால் உயரத்தை அளந்து வரைபடத்தில் குறிப்பதே நல்லது.

4. கருவி

இரண்டு வகை தேவை. அகலப்பட்டைக் கருவி எல்லா அலைவரிசையையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். எங்கே அதிகம் என்று தேட இது போதும். அலைவரிசை பிரித்துக் காட்டும் கருவி எந்த மூலம் எவ்வளவு என்று சொல்லும். முடிவெடுக்க இதுதான் வேண்டும். நார்டா எஸ்ஆர்எம்-3006 போன்ற கருவிகள் இரண்டாம் வகை.

கருவியில் மாட்டும் ஆய்வுமுனையின் அலைவரிசை எல்லையைச் சரிபாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரையிலான முனையை மாட்டிக்கொண்டு போனால் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி முழுக்கத் தப்பிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. 420 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான முனையை மாட்டினால் எஃப்எம் வானொலி தப்பும். கோலாலம்பூர் கோபுரத்தைச் சுற்றிய வட்டாரத்தில் அது பெரிய விடுபடல்.

அகலப்பட்டை முனைகள் பலவற்றால் சுமார் 0.3 வோல்ட்/மீட்டருக்குக் கீழே எதையும் பார்க்க முடியாது. திரையில் தெரியும் 0.28 கருவியின் சொந்த இரைச்சல். அதை அளவீடாக எழுதாமல் "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எழுதுங்கள்.

காலிபரேஷன் சான்றிதழில் அலைவரிசை வாரியாகத் திருத்தக் காரணிகள் இருக்கும். சான்றிதழ் தேதியைப் பார்ப்பவர்கள் உண்டு, காரணியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அகலப்பட்டைக் கருவியில் எந்த அலைவரிசையின் காரணியைப் போடுவது என்று கேட்டால், இரண்டாம் படியின் பட்டியலில் எது ஓங்கியிருக்கிறதோ அதை.

குடியிருப்பாளர் கையில் இணையத்தில் வாங்கிய சிறு மீட்டர் இருக்கும். "தம்பி, சிவப்பு விளக்கு எரியுதே, பாருங்க" என்பார். அலட்சியப்படுத்தாதீர்கள், விளக்குங்கள். அவற்றில் பல ஒரே அச்சில் அளப்பவை, நொடிப்பொழுது உச்சத்தைப் பிடித்து வைப்பவை. சிவப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பது தயாரித்தவர் வைத்த கோடு, எந்தச் சட்ட வரம்பும் அல்ல. அவர் மீட்டரை உங்கள் கருவி அருகில் வைத்துக் காட்டினால் அரைமணி நேர வாக்குவாதம் மிச்சம்.

5. மொட்டைமாடிப் பாதுகாப்பு

நிறுவனத்திடம் எழுத்து அனுமதி, நிர்வாகத்திடம் சாவி, கூடவே ஒரு ஆள். உயரத்தில் செய்யும் வேலை என்பதால் 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கடமைகள் பொருந்தும்.

ஆண்டெனாவின் முகப்புக்கு முன்னால் போகாதீர்கள். பின்பக்கமாக அணுகுங்கள். கணக்கில் வந்த எல்லைக்குள் போயே ஆக வேண்டுமென்றால் நிறுவனம் திறனைக் குறைத்த பிறகுதான். உடலில் மாட்டும் தனிநபர் எச்சரிப்பான் போட்டுக்கொள்ளுங்கள். இதயமுடுக்கி போன்ற உட்பொருத்திகள் உள்ளவரை மேலே அனுப்ப வேண்டாம். ஐசிஎன்ஐஆர்பி வரம்புகள் அந்தக் கருவிகளின் மீது ஏற்படும் இடையூறைக் கணக்கில் எடுப்பதில்லை.

சில ஆண்டெனாக்கள் தண்ணீர்த் தொட்டி போலவோ சுவர் போலவோ தோன்றும் உறைக்குள் இருக்கும். பட்டியலில் ஆறு, கண்ணுக்கு நாலு என்றால் மீதி இரண்டைக் கண்டுபிடிக்காமல் நடமாடாதீர்கள்.

கோலாலம்பூர் வானிலைக்குக் காலை 8 முதல் 12 மணிதான் மொட்டைமாடி நேரம். பிற்பகல் இடியோடு மழை வந்தால் அந்தக் கட்டடத்தின் உயரமான உலோகத்தின் அருகில் நிற்பவர் நீங்கள். கருவியும் மழைக்குச் செய்ததல்ல.

6. அலசல்

இப்போதுதான் கருவி வெளியே வருகிறது. முதலில் உங்கள் கைப்பேசி, உதவியாளரின் கைப்பேசி, கூட வந்த ஜாகாவின் (காவலாளியின்) வாக்கி டாக்கி எல்லாவற்றையும் அணையுங்கள் அல்லது விமானப் பயன்முறையில் போடுங்கள். 200 மில்லிவாட் அனுப்பும் ஒரு கைப்பேசி 1 மீட்டர் தூரத்தில் சுமார் 2.4 வோல்ட்/மீட்டர் தரும். நீங்கள் அளக்க வந்த டவரின் புலமே அவ்வளவுதான் இருக்கலாம்.

அகலப்பட்டைக் கருவியை நீட்டிய கையில் பிடித்து, தலைக்கு மேல் முதல் இடுப்பு வரை ஏற்றி இறக்கிக்கொண்டே மெதுவாக நடங்கள். உயர்ந்த எண்ணை மட்டும் திரையில் நிறுத்தி வைக்கும் உச்சப் பிடிப்பைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். சில முனைகள் வேகமாக அசைக்கும்போதும், குளிரூட்டிய கம்பள அறையில் உடையிலிருந்து நிலைமின்னூட்டம் ஏறும்போதும் பொய்யான துள்ளலைக் காட்டும். எண் திடீரென்று எகிறினால் நின்று, பத்து நொடி பாருங்கள். நிலைத்தால் அது புலம். இறங்கிவிட்டால் அது நீங்கள்.

உலோகக் கைப்பிடி, ஜன்னல் கிரில், துணி காயப்போடும் கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர், முடிந்தால் அரை மீட்டர் தள்ளி வையுங்கள். கம்பிக்கு ஒட்டினாற்போல் கிடைக்கும் உயர்ந்த எண், முனையும் கம்பியும் ஒன்றோடொன்று இணைவதால் வருவது. மனித உடல் அங்கே ஆட்படும் அளவை அது காட்டாது.

வீடுகளில் பால்கனி, ஆண்டெனாவைப் பார்க்கும் ஜன்னல், படுக்கை என இந்த வரிசையில் போங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து அளங்கள். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி புலத்தை வெகுவாகக் குறைத்துவிடும், மூடியபடி எடுத்த எண் மோசமான நிலையைக் காட்டாது. வைஃபை ரூட்டர், கம்பியில்லாத் தொலைபேசி எங்கே என்று கேட்டு அணைக்கச் சொல்லுங்கள். பிறகு அதை மறுபடி போட்டு இன்னொரு அளவீடு எடுத்தால், வீட்டுக்குள்ளேயே இருக்கும் மூலத்தின் பங்கு வீட்டாருக்கே தெரியும்.

7. நிலையான அளவீடு

அலசலில் உயர்ந்து தெரிந்த இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் முக்காலி போடுங்கள். மரமோ பிளாஸ்டிக்கோ, உலோகம் வேண்டாம். தரையிலிருந்து 1.1, 1.5, 1.7 மீட்டர் என மூன்று உயரங்களில் எடுத்து, மூன்றின் வர்க்கங்களையும் சராசரியாக்கி வர்க்கமூலம் எடுங்கள். தரைப் பிரதிபலிப்பால் அரை மீட்டர் வித்தியாசத்தில் புலம் இரட்டிப்பாவதும் பாதியாவதும் சாதாரணம்; ஒரே உயரத்தில் எடுத்த எண் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அளக்கும்போது நீங்கள் முனைக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முனைக்குப் பின்னால் ஒட்டி நிற்பதும் தவறு, உங்கள் உடல் பிரதிபலிக்கும். கேபிள் நீட்டி இரண்டு மூன்று மீட்டர் விலகுங்கள்.

சராசரி நேரம்: 1998 வழிகாட்டியில் 6 நிமிடம், 2020-இல் முழு உடலுக்கு 30 நிமிடம், உடலின் ஒரு பகுதிக்கு 6 நிமிடம். எதைப் பின்பற்றினீர்கள் என்று எழுதுங்கள். மூன்று உயரத்திலும் 30 நிமிடம் நிற்பது நடக்காத காரியம். அதிகமாக வந்த உயரத்தில் முழு நேரம், மற்றவற்றில் சிறு நேரம் என்று எடுத்து, அப்படித்தான் எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும்.

8. பிரித்து அளந்து உச்சத்துக்குப் பெருக்குதல்

நிலையம் அனுப்பும் திறன் கூட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். காலை 10 மணி எண் இரவு 9 மணிக்குப் பொருந்தாது. அதனால்தான், கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத திறனில் போகும் ஒரு சிக்னலைப் பிடித்து, அதிலிருந்து உச்சத்தைக் கணக்கிடுகிறோம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62232 தரநிலையின் அடிப்படை இதுதான்.

2ஜி எளிது. ஒளிபரப்புக் கேரியர் எப்போதும் முழுத் திறனில் ஓடும். அதன் புலத்தைக் கேரியர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்.

4ஜியில் ஒப்பீட்டுச் சிக்னலை அளக்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் கேரியரில் 1200 துணைக்கேரியர்கள், அதாவது கேரியர் பிரிந்திருக்கும் குறுகிய கூறுகள். ஒரு துணைக்கேரியரின் புலம் 0.05 வோல்ட்/மீட்டர் என்றால் 1200-இன் வர்க்கமூலமான 34.6-ஆல் பெருக்கி 1.73 வோல்ட்/மீட்டர். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டெனா வாயில்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் அளந்து வர்க்கங்களைக் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் குறைவாக வரும். மறுபக்கம், நிறுவனம் ஒப்பீட்டுச் சிக்னலை 3 டெசிபல் உயர்த்தி வைத்திருந்தால், அதை விசாரிக்காமல் பெருக்குவது திறனில் இரட்டிப்பாகக் காட்டும்.

5ஜியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 3.5 கிகாஹெர்ட்ஸில் பல துணை ஆண்டெனாக்கள் கொண்ட பலகை, கற்றையைப் பயனர் இருக்கும் பக்கம் திருப்புகிறது. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எஸ்ஆர்எம் திரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: 4ஜிப் பட்டைகள் அகன்ற மேடைகளாக நிற்கும், 3.5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 7 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு சிறு மேடு, 20 மில்லிநொடிக்கு ஒருமுறை துடித்து மறையும். இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த மேடுதான் கைப்பேசிகள் நிலையத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஒத்திசைவுத் தொகுதி, அதைத்தான் அளக்க வேண்டும்.

100 மெகாஹெர்ட்ஸ் கேரியரில், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 3276 துணைக்கேரியர்கள். ஒத்திசைவுத் தொகுதியின் ஒரு துணைக்கேரியர் 0.02 வோல்ட்/மீட்டர் என்று வையுங்கள். 3276-இன் வர்க்கமூலமான 57.2-ஆல் பெருக்கினால் 1.14. நேரத்தில் 75 விழுக்காடுதான் கீழ்நோக்கி அனுப்புகிறது என்றால் 0.75-இன் வர்க்கமூலமான 0.866-ஆல் பெருக்கி 0.99. இத்தோடு நிறுத்தினால் தவறு. தரவு போகும் கற்றை, ஒத்திசைவுத் தொகுதியின் கற்றையைவிடக் கூர்மையானது. நிறுவனம் 6 டெசிபல் வித்தியாசம் என்று சொன்னால் புலம் இரண்டு மடங்கு, சுமார் 2 வோல்ட்/மீட்டர். அந்த வித்தியாசத்தை எழுத்தில் வாங்காமல் 5ஜி முடிவு எழுதாதீர்கள்.

கற்றை ஒரே திசையில் அரைமணி நேரம் நிற்பதில்லை என்பதால், புள்ளியியல் அடிப்படையில் குறைப்புக் காரணி போடும் முறையும் தரநிலையில் உண்டு. நிலையத்தின் சராசரித் திறனைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் வசதி இயக்கத்தில் இருக்கிறது என்று நிறுவனம் உறுதி தந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கைப்பேசியில் பெரிய கோப்பை இறக்கி, கற்றையைத் தம் பக்கம் இழுத்து அளப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல சோதனைதான். ஆனால் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஏறுசிக்னலும் இறங்குசிக்னலும் ஒரே அலைவரிசை. கைப்பேசி முனைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் சொந்த ஒலிபரப்பை டவரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பல மீட்டர் பின்னால், கற்றையின் அதே வழியில் வையுங்கள்.

9. கூட்டுவது

ஒவ்வொரு அலைவரிசைக்கும் புலத்தை அதன் வரம்பால் வகுத்து வர்க்கம் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தம் 1-க்குள் இருக்க வேண்டும்.

700-இல் 1.2, 900-இல் 2.1, 1800-இல் 1.8, 3500-இல் 1.5 வோல்ட்/மீட்டர் என்று வந்ததாக வைப்போம். 3500-க்குக் கணக்குக்காக 61 என்று வைத்தால் பங்குகள் முறையே 0.0011, 0.0026, 0.0010, 0.0006. மொத்தம் 0.0053, அதாவது வரம்பில் அரை விழுக்காடு.

நான்கையும் நேராகக் கூட்டி 6.6 என்று எழுதி 61-ஆல் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். 11 விழுக்காடு வரும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.4 வோல்ட்/மீட்டர்; 61-இல் இது 5.5 விழுக்காடு, ஆனால் புலத்தின் விழுக்காடு, திறனின் விழுக்காடு அல்ல. ஒரே வீட்டுக்கு 11, 5.5, 0.5 என்று மூன்று எண்கள் வந்தது இப்படித்தான். விழுக்காடு எழுதும் ஒவ்வொரு இடத்திலும் புலமா திறனா என்று சேர்த்தே எழுதுங்கள். இந்த ஒரு சொல் விடுபட்டதால் குடியிருப்பாளர் கூட்டத்தில் இரண்டு அறிக்கைகள் மோதிக்கொள்வது புதிதல்ல.

10. ஐயப்பாடும் அறிக்கையும்

முனையின் காலிபரேஷன், திசைச் சமச்சீர், வெப்பநிலை, உடல் பிரதிபலிப்பு எல்லாம் சேர்ந்து, 95 விழுக்காடு நம்பகத்தில் 3 டெசிபல் அளவுக்கு ஐயப்பாடு வருவது வழக்கம். புலத்தில் அது 1.4 மடங்கு, திறனில் 2 மடங்கு. முடிவு 0.5 விழுக்காடு என்றால் இதனால் எதுவும் மாறாது. விலக்கு எல்லைக்கு அருகில் 70 விழுக்காடு என்று வந்தால் நிலைமை வேறு. அங்கே எல்லையைத் தள்ளி வரையச் சொல்லுங்கள்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: கேள்வி, பின்பற்றிய தரநிலையும் ஆண்டும், மூலப் பட்டியல், கருவி வரிசை எண்ணும் சான்றிதழும், புள்ளிகளின் வரைபடம், தேதி, நேரம், வானிலை, அளந்த எண், பெருக்கிய எண், இரண்டுக்கும் இடையே பயன்படுத்திய ஒவ்வொரு காரணியும், ஐயப்பாடு. அளந்ததையும் பெருக்கியதையும் ஒரே நெடுவரிசையில் போடாதீர்கள்.

மூல அறிக்கை மலாயில் இருந்தாலும், குடியிருப்பாளருக்கு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வைப்பது நல்லது. தலைவலி டவரால்தானா என்று கேட்பார்கள். அளவீடு செய்பவர் நோய் சொல்லக் கூடாது, நோய் இல்லை என்றும் சொல்லக் கூடாது. "அங்கிள், உங்க வீட்டில புலம் இவ்வளவு, வரம்பு இவ்வளவு. தலைவலிக்கு டாக்டரைப் பாருங்க" என்பதோடு நிறுத்துங்கள். புற்றுநோய் பற்றிக் கேட்டால், சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி 2011-இல் வானலைப் புலங்களை 2பி பிரிவில், அதாவது சாத்தியம் இருக்கலாம் என்ற வரிசையில், வைத்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அவரே கைப்பேசியில் தேடி எடுப்பார், அதன் பிறகு உங்கள் எண் எதையும் நம்ப மாட்டார்.

11. கீழ்த்தளத்துத் துணை மின்நிலையம்

மேலே வேலை முடிந்ததும், "கீழே இருக்கும் டிஎன்பி அறையையும் பார்த்துவிடுங்கள்" என்பார்கள். டிஎன்பி என்பது மின்சார நிறுவனம். அதே கருவியால் முடியாது. அது 50 ஹெர்ட்ஸ். வானலை முனைகளுக்கு அது தெரியவே தெரியாது. மூன்று அச்சுச் சுருளுள்ள காந்தப்புலமானி வேண்டும். ஐசிஎன்ஐஆர்பியின் பொதுமக்கள் வரம்பு 1998-இல் 100 மைக்ரோடெஸ்லா, 2010-இல் 200. சுருளை அசைத்துக்கொண்டே படிக்காதீர்கள்: பூமியின் காந்தப்புலம் இங்கே சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதில் சுருள் சுழன்றால் பொய் எண் வரும். தரையிலிருந்து 1 மீட்டரில், சுவரை ஒட்டிய அறையில், மாலை ஏர்கான்கள் ஓடும் நேரத்தில் எடுங்கள். காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பின்தொடர்கிறது. காலை 10 மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போன பிறகு எடுத்த எண்ணால் பயனில்லை.

12. அறிக்கை எப்போது காலாவதியாகும்?

புது ஆண்டெனா வந்தாலோ, இருப்பதில் புது அலைவரிசை சேர்ந்தாலோ, திறன் கூடினாலோ, சாய்வோ திசைக்கோணமோ மாறினாலோ பழைய அறிக்கை செல்லாது. மின்சாய்வைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும், மாடியில் யாரும் ஏறி வர மாட்டார்கள். ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற வரியை ஜேஎம்பி வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எதிரே புதிதாக ஒரு கொண்டோ எழுந்தாலும் மறுபடி மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள், 80 மீட்டர் தள்ளி அதன் எந்த மாடியில் கற்றை விழுகிறது என்ற கணக்கோடு.